எதிர்க்கடை மெஷின்

நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருடம் பாண்டி பஜாரில் ஒரு போர் நடந்தது. செய்தித்தாளில் வரவில்லை. இரண்டு கடைகள், இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான் போர்க்களம். அந்த மெஷின்களின் பெயர் இன்றைக்குப் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. சொல்லத்தான் மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கிறது.

அவை வீட்டுக் கம்ப்யூட்டர்கள். டைப்ரைட்டரின் எழுத்துக் கட்டைகளை மட்டும் ஒரு பெட்டியில் பதித்து வைத்ததுபோல் இருக்கும். வீட்டு டிவியோடு ஒயரில் மாட்டினால் அதுவே திரை. எங்கள் கடையில் விற்றது சாம்பல் நிற மெஷின், எதிர்க்கடையில் விற்றது கறுப்பு. 'எங்கள் கடை' என்கிறேனே தவிர, அது என் அம்மாவின் தம்பி, என் மாமா, சேல்ஸ்மேனாக நின்ற கடை. மாமா பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குத்தான் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று விட்டுவிட்டவர். நந்தனம் ஹவுசிங் போர்டில் எங்களோடுதான் இருந்தார். அம்மா கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு வர ஏழு மணி ஆகும். அப்பா பஸ் டிரைவர், எப்போது வீடு வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய் உட்கார்ந்து, மாமாவின் சைக்கிளில் வீடு திரும்புவேன்.

இரண்டு கடைக்கும் விளம்பரத்தில்தான் உயிர். எதிர்க்கடைக்காரர்கள் 'நூறு விளையாட்டுகள்' என்று துணி பேனர் கட்டினால், மறுநாள் எங்கள் முதலாளி 'விளையாடுகிற பிள்ளை அங்கே, படிக்கிற பிள்ளை இங்கே' என்று கட்டுவார். எங்கள் மெஷினின் ஞாபகசக்தி அவர்களுடையதைவிடப் பதினாறு அதிகம் என்று முதலாளி ஒரு போர்டு எழுதி வைத்தார். பதினாறு என்ன என்று அவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. மாமா மட்டும் அதையே பிடித்துக்கொண்டார். "அது மறதி மிஷின் சார். நம்மள்து ஞாபக மிஷின். பதினாறு ஜாஸ்தி கீது" என்று அவர் சொல்கிற அழகில், கேட்டவர்கள் பதினாறும் பெற்று வாழப்போகிற முகத்தோடு தலையாட்டுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது மாமாவுக்காகவே சொன்னது.

வாசலில் ஒரு டேப் ரெக்கார்டர் காலை முதல் கடை மூடும்வரை விளம்பரத்தைக் கத்திக்கொண்டிருக்கும். எதிரே அவர்களுடையதும் கத்தும். நடுவில் நடந்து போகிறவர்களுக்கு இரண்டும் கலந்து ஒரே மெஷின்போலக் கேட்டிருக்கும்.

எனக்கு அந்தச் சாம்பல் மெஷின்மேல் பைத்தியம். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு என்று அதற்குச் சொல்லக் கற்றுக்கொண்டேன். சொன்னால் போட்டது. வீட்டில் என் சொல்லை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யூனிஃபார்மில் ஒரு பெண் குழந்தை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினால் கூட்டம் நிற்கிறது என்று கண்ட முதலாளி, என் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டார். நானும் ஒரு விளம்பரம் ஆனேன். வீட்டில் அப்படி ஒன்று வாங்குவது அப்பாவின் சம்பளத்துக்கு நடக்கிற காரியமில்லை. அது எனக்குத் தெரியும், ஆசைக்குத்தான் தெரியவில்லை.

சரஸ்வதி பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவர் மாமாவிடம், "தமிழ் வருமா?" என்று கேட்டார். "வரும் சார்" என்று மாமா சொல்லிவிட்டார். அது முதலாளியின் காதில் விழுந்தது. இரண்டாம் நாள் நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது: 'விஜயதசமி அன்று உங்கள் குழந்தையின் முதல் எழுத்து, கம்ப்யூட்டரில்!' பச்சரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதவைக்கிற நாளில், எங்கள் கடையில் மெஷினில் எழுதவைக்கப் போகிறார்களாம்.

மாமா என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"பாப்பா, இதுல அ வரும்ல?"

"வராது மாமா. இங்கிலீஷ் மட்டும்தான்."

"நோட்டீஸ் அடிச்சிட்டாங்களே."

"யாரைக் கேட்டு வரும்னு சொன்ன?"

"யாரைக் கேக்கணும்? அதான் நீ கீறியே."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். விஜயதசமி அன்றைக்கு எதிர்க்கடையைவிட ஒரு மெஷின் அதிகமாக விற்றுவிட்டால் எனக்கு ஒன்று சும்மா தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னாராம். அதற்குப் பிறகு என்னை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கம் நிறைய 'அ' வரைந்தேன். சுழியைச் சின்னச் சின்ன நேர்க்கோடாக உடைத்தேன். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்: குறுக்கே எத்தனையாவது கட்டம், மேலே எத்தனையாவது கட்டம். நான்கு சாயங்காலம் தட்டினேன். முதலில் வந்தது நண்டு. அடுத்து வந்தது காது. நான்காம் நாள் 'அ' வந்தது. திரையில் மெதுவாக, கோடு கோடாக, யாரோ எழுதுவதுபோலவே வந்தது. மாமா கடைக்குள்ளேயே விசிலடித்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. மெஷினை அணைத்தால் தட்டியதெல்லாம் போய்விடும். டேப் ரெக்கார்டரில் மாட்டிக் கேசட்டில் ஏற்றிவைக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் டேப் ரெக்கார்டர் வாசலில் விளம்பரம் கத்திக்கொண்டிருந்தது. மாமா போய்க் கேட்டார். ஐந்து நிமிடம் நாம் சும்மா இருந்தால் எதிர்க்கடைக்காரன் குரல்தான் கேட்கும் என்று முதலாளி மறுத்துவிட்டார். "அப்ப மெஷின அணைக்காதீங்க" என்று ஒரு அட்டையில் எழுதி அதன் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. பூஜைப் பொரிகடலை வாங்கிக்கொள்ள எங்கள் கடைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மெஷின் அணைந்திருந்தது. அதன்மேல் சாமந்திப் பூ மாலை. எழுத்துக் கட்டைகளில் வரிசையாகச் சந்தனம், ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம். என் அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

"வருஷத்துல ஒரு நாள் அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?" என்றார் முதலாளி. நாளைக் காலை புனர்பூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

அழுதேன். நன்றாக, வாய்விட்டு அழுதேன். மாமா சைக்கிளில் என்னை உட்காரவைத்து, "நோட்டு கீதுல்ல? காலைல சீக்கிரமா வந்து அட்ச்சுக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், என் புத்தகங்களோடு அந்த நோட்டும் சரஸ்வதி படத்துக்கு அடியில் இருந்தது. அதன்மேல் அம்மாவின் கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பேனர், எல்லாவற்றின்மேலும் ஒரு பட்டுத்துணி. எடுத்துத் தரச் சொன்னதற்கு அம்மா, "இன்னிக்கு அத்தத் தொட்ட, படிப்பு ஏறாது" என்று முடித்துவிட்டாள். நாளைக்கும் விடிந்து, அப்பா டியூட்டி முடிந்து வந்து, கற்பூரம் காட்டிய பிறகுதான். அதற்குள் கடையில் நல்ல நேரம் முடிந்துவிடும். அன்றைக்கு எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது.

நான் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி முகப்புக்குப் போனேன். இருபதுக்கு இருபது புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி ஒரு கட்டம். நினைவிலிருந்து 'அ'வை இழுத்தேன்.

"இன்னாடி இது, மத்தியானத்துல எவளாவது கோலம் போடுவாளா?" என்று அம்மா வந்து நின்றாள். "எழுதக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எழுதல. கோலம்."

அம்மா குனிந்து புள்ளிகளைப் பார்த்தாள். கோலம் எழுத்தில் சேர்த்தியா என்று அவளுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மாமா மேல்படியில் நின்று குனிந்து பார்த்து, "சுழி பெருசாய்ட்ச்சு, உள்ள இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உருவம் சரியாக வந்ததும் இரண்டு பேரும் புள்ளிகளை எண்ணினோம். எண்களைக் குறித்துக்கொள்ளவும் முடியாது, அதுவும் எழுத்துதானே. முதல் பாதி அவர், அடுத்த பாதி நான் என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்ற மனுஷன் சாப்பிடும்போதும் சொன்னார், துவைக்கும்போதும் சொன்னார். ஒரு எண் தவறவில்லை.

விடியும்போது கடையில் இருந்தோம். முதலாளி கற்பூரம் காட்டி மாலையை எடுத்தார். மாமா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஐந்து என்ற கட்டை மட்டும் அமுங்கவே இல்லை. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டிருந்தது. மாமா தீக்குச்சியால் நோண்டினார், ஊதினார், அதன் அம்மாவைத் திட்டினார். வாசலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நின்று அழ எனக்கு நேரமில்லை. ஐந்து வரவேண்டிய இடத்திலெல்லாம் நாலு அல்லது ஆறு போட்டேன். கொஞ்சம் கூன் விழுந்த 'அ'தான் வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து ஒரு கட்டையில் அழுத்தவைத்ததும், திரையில் கோடு கோடாக எழுத்து எழுந்தது. அந்தக் குழந்தையின் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பகல்வரை வரிசை நின்றது. எதிர்க்கடையில் யானை ஓடுகிற விளையாட்டை இரண்டு பையன்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நாலு முறை சாலையைக் கடந்து போய் வேவு பார்த்துவிட்டு வந்து, "ஜெய்ச்சிட்டோம் பாப்பா, அவங்கள வுட ஒண்ணு ஜாஸ்தி வித்துட்ச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கடை பெயர் பொறித்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். "மெஷின்?" என்றேன். "குழந்தைக்கு எதுக்கு இப்போ? இங்கதான் தினம் வர்றியே, இதுவும் உன் மெஷின்தான்" என்று கன்னத்தைத் தட்டினார். மாமா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவோ பேசுகிறவர், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு முதலாளிமேல் வந்ததைவிட அவர்மேல் அதிகமாகக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனேன். என் நாற்காலி இல்லை. முதலாளி முகவாயால் எதிர்ப்பக்கம் காட்டினார். எதிர்க்கடை வாசலில், எதிர்க்கடையின் நீலச் சட்டையில், மாமா நின்றுகொண்டிருந்தார். சாலையைக் கடந்து போனேன்.

"இன்னா மாமா இது?"

"வேலை மாத்திக்கினேன் பாப்பா."

"இது மறதி மிஷின்னு நீதான சொன்ன?"

"அது அப்ப."

அன்றைக்குப் பாண்டி பஜாரிலிருந்து நந்தனம்வரை தனியாக நடந்தே வீட்டுக்குப் போனேன். மாமா பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தபோது நான் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே அம்மா போகிறபோக்கில் சொன்னாள். பூஜைக்கு மறுநாளிலிருந்து மாமா முதலாளியிடம் அந்த மெஷினைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாலாம் நாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று சத்தம் போட்டிருக்கிறார். கடைச் சட்டையை அங்கேயே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு சாலையைக் கடந்திருக்கிறார். எதிர்க்கடைக்காரர் வேலைக்கு வா என்றதும், சம்பளம் என்ன என்று கேட்கவில்லையாம். தன் அக்கா மகளுக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டாராம்.

இது எதுவும் தெரியாமல்தான், மாமா கடை மாறிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். நீல நிறத்தில் பெயர் போட்ட புதுப் பெட்டி. என் முன்னால் வைத்துவிட்டு, பிரித்துப் பார் என்று கண்ணால் சொன்னார். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எதிர்க்கடை மெஷின் எனக்கு வேணாம்" என்றேன். காலால் அவர் பக்கம் தள்ளினேன்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. பளார் என்று ஒரு அறை. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. "அட்ச்சுடாதக்கா, கொழந்த" என்று மாமா நடுவில் வந்து நின்றார். அம்மாவுக்குக் கண்ணெல்லாம் நீர். பெட்டியை நகர்த்தி மறுபடியும் என் முன்னால் வைத்தாள்.

படிப்புச் சாமானைக் காலால் தொட்டதற்குத்தான் அடி விழுந்தது என்று நினைத்தேன். குனிந்து அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.