டன்னக்காவின் எழுபது கிலோ

டன் கணக்கில் கனப்பார் என்று, டன்னக்கா என அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். சிமெண்ட் கிடங்கின் எடை மேடையில் எனக்கு வேலை. லாரிகளை நிறுத்துச் சீட்டு எழுதுவேன். ஒன்பது வருடமாக முதுகில் மூட்டை சுமக்கிறவரை என்னைப் போன்ற ஒட்டடைக்குச்சி கேலி செய்வதா? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் கிடங்குக்கு மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்தது. ஓட்டப் பழகியவர்களில் அக்காதான் முதலிடம். நாற்பது வயதுக்கு மேல் மூட்டை தூக்க விடமாட்டார்கள், அக்காவுக்கு முப்பத்தொன்பது. வண்டி கிடைக்காவிட்டால் வேலையே போய்விடும்.

மருத்துவச் சான்றுதான் பாக்கி. அதில் வந்தது வினை. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு இருபத்தேழைத் தாண்டக் கூடாதாம். எழுபது கிலோ அக்காவுக்கு இருபத்தெட்டு வந்தது. கம்பவுண்டர் ‘அதிக எடை’ என்று எழுதி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு இரண்டு வேளை வெறும் டீதான். நானாவது சும்மா இருந்தேனா?

"என்னைப் பாருங்கக்கா, அறுபத்துநாலு கிலோ. உடம்புன்னா இப்படி இருக்கணும்" என்றேன்.

நாலாம் நாள் தலைசுற்றி மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. கொட்டிய சிமெண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். என் வாயை நானே நொந்துகொண்டு, கைத்தாங்கலாக அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

இந்த முறை டாக்டரம்மாவே இருந்தார். முதலில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்தார். பிறகு பழைய சீட்டைப் பார்த்து, "எடை கூடுதல்னு போட்டிருக்கேம்மா" என்றார்.

"டாக்டர், எங்க மேடையில லாரியை ரெண்டு தடவை நிறுப்பாங்க. சரக்கோட ஒண்ணு, காலியா ஒண்ணு. மொத்தத்தை மட்டும் பாத்து இந்தத் தம்பிகூட சீட்டு எழுத மாட்டான். என்னை மட்டும் ஒரே தடவை நிறுத்துட்டு எழுதிட்டீங்களே, உள்ள என்ன சரக்குன்னு பாத்தீங்களா?" என்றார் அக்கா.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். எழுபத்துநாலு சென்டிமீட்டர்.

"வயிறு உயரத்துல பாதியைத் தாண்டக் கூடாது, உங்களுக்குப் பாதிகூட இல்லயே" என்றார். ரத்த அழுத்தம், சர்க்கரை, நாடி, எல்லாம் பார்த்தார். "இது மூட்டை தூக்கி வந்த சதைம்மா. பட்டினி கெடந்து கரைச்சிடாதீங்க."

தகுதி உண்டு என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் டேப்பைச் சுருட்டும்போது அவர் கண் என் சட்டைமேல் விழுந்தது.

"தம்பி, நீங்களும் வாங்க."

தொண்ணூற்று நாலு. என் உயரத்தில் பாதி எண்பத்துநாலுதான்.

"கை கால்தான் ஒல்லி. நாளைக்கு வெறும் வயித்துல வாங்க, சர்க்கரை பாக்கணும்."

அக்கா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அடுத்த வாரம், புது வண்டியின் எடையைப் பதிவு செய்ய அக்காவே அதை ஓட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். மூவாயிரத்து அறுநூற்று எழுபது என்று காட்டியது.

"இறங்குங்கக்கா. ஓட்டுறவங்க எடை சேரக் கூடாது."

அக்கா ஸ்டீயரிங்கை விடவில்லை.

"அதுல எழுபது நான்தாண்டா. தனியா ஒரு வரி போட்டு எழுது. ஒரு கிலோகூடக் குறைக்காதே."

எழுதினேன்.