தங்கையின் சர்வ்வுக்கு ஒரு லென்ஸ்

தபால் நிலையத்தில் உறைமேல் முகவரி பார்த்துக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை: டேபிள் டென்னிஸ் ஆடுகிற தன் தங்கை சர்வ் போடுவது ஒரு தடவையாவது படத்தில் தெளிவாக விழ வேண்டும். நாலு வருஷமாக எடுத்ததெல்லாம் வெறும் கலங்கல். இப்போது தங்கைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு மட்டையை வைத்துவிடச் சொல்லி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை இனி நம்பிப் பிரயோஜனமில்லை, புதுசு வாங்கியே தீருவது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

எதை வாங்குவது? அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை பிரிப்பதுதான். பழைய படங்களைச் சின்னதாக அச்சடித்தாள். செருப்பு அலமாரியைக் காலி செய்து, எந்த ஜூம் எண்ணில் எடுத்ததோ அந்த எண்ணுக்கு ஓர் அறை என்று போட்டாள். ஜூமின் கடைசி எண்ணான ஐம்பத்தைந்துக்குரிய அறைதான் பிதுங்கி வழிந்தது.

“பாத்தியாடி! ஜூம் முட்டுற இடத்துலயே நிக்கறேன். இன்னும் தூரமா இழுக்கற லென்ஸ்தான் வேணும்!”

தங்கை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். “இதுல நான் தூரமாவா இருக்கேன்? படம் முழுக்க நான்தான். ஆனா பேய் மாதிரி இருக்கேன்க்கா.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. தொழில் புத்தி! உறையின் மேல் இருப்பதைப் பார்த்தே பழகியவள், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவே இல்லை. மறுபடி உட்கார்ந்து நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கினாள். பதினோரு படம். பதினொன்றும் பகலில், வெளியே எடுத்தவை. ஆக, குறை தூரத்தில் இல்லை, வெளிச்சத்தில்!

கடைக்காரர் முழ நீளத்துக்கு ஒரு ஜூமை நீட்டினார்.

“அது வேணாங்க. நிறைய வெளிச்சம் உள்ள விடற லென்ஸ் காட்டுங்க.”

வந்தது ஒரு குட்டை லென்ஸ். எண்பத்தைந்து மி.மீ., வெளிச்சம் விடும் துளையின் எண் ஒன்று புள்ளி எட்டு. “இதுல ஜூம் கிடையாதும்மா. நீங்கதான் முன்ன பின்ன நடக்கணும்.”

“நடக்கறேங்க. எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு!”

கடைக்குப் பின்னால் இருந்த மங்கலான கிடங்கில் கடைக்காரரைச் சாவிக்கொத்து ஆட்டச் சொல்லி ஒரு படம் எடுத்தாள். ஒவ்வொரு சாவியும் தனித்தனியாக எண்ணும்படி விழுந்திருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறன்று எதிரே நின்றவள், எட்டு வருஷமாகத் தங்கையைத் தோற்கடித்தே பழகியவள். முதல் செட்டும் அவளுக்கே போனது. ஆனால் அக்காவின் கேமராவில் சர்வ் சர்வ்வாக விழுந்திருந்தது, பந்தின் ஒட்டுக்கோடு உட்பட. இடைவேளையில் ஓடிப்போய்க் காட்டினாள்.

தங்கை படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “ஐயய்யோ, நாக்கை நீட்டறேன்! இடப்பக்கம் போடறப்ப இடப்பக்கம், வலப்பக்கம் போடறப்ப வலப்பக்கம்! அதான் அவ எப்பவும் முன்னாடியே போய் நிக்கறா!”

அடுத்த செட். தங்கையின் நாக்கு இடப்பக்கம் நீண்டது. எதிராளி அங்கே பாய்ந்தாள். பந்து வலப்பக்கம் போய் விழுந்தது.

அந்த சர்வ்வுக்கு மட்டும் படம் இல்லை. அக்கா இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.