மோப்பக்காரனை நான் கொன்ற விதம்

என் மாமனார் இரண்டு வாரம் குப்புறப் படுத்திருந்தார். வலக் கண்ணின் விழித்திரை கிழிந்துவிட்டது. கண்டியில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாயு விழித்திரையைப் பிடித்து ஒட்டவைக்க வேண்டுமென்றால் முகம் எந்நேரமும் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டுமாம். முப்பத்தோரு வருடம் மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் நடுவில் பஸ் ஓட்டியவர் அவர். எதிரே என்ன வருகிறது என்று பார்க்காமல் ஒரு நிமிடம்கூட இருந்து பழகாத மனிதர், தலையணைக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அது ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறை. கணக்கு டீச்சரான நான் வீட்டில் இருந்தேன். என் கணவர் காலையில் மாத்தளைக்கு வேலைக்குப் போய்விடுவார். அதனால் மாமாவுக்குச் சாப்பாடு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தொடர் நாடகம் மூன்றும் என் பொறுப்பு.

தொடர் என்றால் கண்ணீர் விடும் தொடர் அல்ல. மாமா பார்ப்பது சாகசக்காரர்களின் ஆங்கிலத் தொடர்கள். தமிழ் எழுத்து கீழே ஓடும். மொத்தம் மூன்று தொடர்கள், மூன்றும் ஒரே நகரத்தில் நடப்பவை. ஒன்றில் தப்பியோடும் வில்லன் அடுத்ததில் வந்து மாட்டுவான். மூன்றையும் வரிசையாகப் பார்க்காதவன் அரைகுறை ரசிகன் என்பது மாமாவின் தீர்மானம்.

அவருக்குப் பிடித்த நாயகி கையை நீட்டினால் ஓடுகிற எதுவும் நின்றுவிடும். ரயில், லொறி, உருண்டு வரும் பாறை எல்லாம். மாமா அவளை 'பிரேக் பிள்ளை' என்பார். அவளிடம் அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஒரேயடியா நிப்பாட்றா. உள்ள நின்னுக்கிட்டிருக்கிற ஆளுக என்னாவாங்க? கொஞ்சம் கொஞ்சமா அழுத்தணும். அத யாராச்சும் அவளுக்குச் சொல்லிக் குடுத்தா, அவளுக்கு மேல ஆளே இல்ல."

இரண்டாவது தொடரின் நாயகன் மோப்பம் பிடிப்பவன். கைப்பிடியில் ஒட்டிய வாசனையை வைத்தே கொலைகாரன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவான். இவனுடைய தீவிர ரசிகர் மாமாவின் முப்பது வருடக் கூட்டாளியான ஹாஜியார். இரத்தோட்டையில் மிளகு, கராம்பு வியாபாரம். ஒரு பிடி மிளகை மூக்கருகே கொண்டுபோனாலே எத்தனை நாள் வெயில் பட்டது என்று சொல்லக்கூடியவர். அவருக்கு அந்த நாயகன் தன் சாதிசனம் மாதிரி. மூன்றாவது, நாளைக்கு நடக்கப்போவது இன்றே காதில் கேட்கும் ஒரு அண்ணன் தங்கையின் கதை. அதைப் பற்றி இருவருக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை.

ஹாஜியார் தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். பிளேன்டீ குடித்துக்கொண்டே பிரேக் பிள்ளையா மோப்பக்காரனா என்று இருவரும் சண்டை போடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் வந்தார். மாமாவின் பின்னந்தலையைப் பார்த்துப் பேசினார். மாமா தலையணைக்குள் பதில் சொன்னார். சத்தம் மட்டும் குறையவில்லை.

மாமாவால் படம் பார்க்க முடியாது, ஆங்கிலமும் விளங்காது. ஆகவே நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஓடும் தமிழை உரக்க வாசித்து, நடப்பதையும் சொல்ல வேண்டும். பிரேக் பிள்ளையின் தொடர் எனக்கே பிடித்துப்போனது. மோப்பக்காரன்தான் என்னைக் கொன்றான். ஒரு காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பான். அடுத்த காட்சியிலும் இழுப்பான். "இப்ப என்ன செய்றான்?" என்று மாமா கேட்பார். "மோந்துக்கிட்டு இருக்கான் மாமா" என்பேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். என் மேசையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் மூன்று வகுப்புக்குக் குவிந்து கிடந்தன.

முதலில் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பார்த்தேன். பிறகு தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்து, நடுவை நானே சொன்னேன். பிறகு அதுவும் இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, தாள் திருத்திக்கொண்டே கதை சொன்னேன். மாமா ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. "இந்த வருசம் நல்லா எடுத்திருக்கான்" என்று வேறு சொன்னார்.

நான்காம் நாள், பதினோராம் வகுப்புத் தாள்களில் ஒரு பிள்ளைகூட வட்டத்தின் பரப்பளவை ஒழுங்காக எழுதாத எரிச்சலில் இருந்தேன். செத்தவனுக்குத் தொடர் கிடையாது என்று தோன்றியது. உடனே சொன்னேன்:

"மாமா, அவன் செத்துட்டான்."

தலையணை அசைந்தது.

"எப்படி?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. குசினியில் அப்போதுதான் சிலிண்டர் மாற்றியிருந்தேன். "வீட்டுல கேஸ் லீக்காயிருக்கு. தெரியாம லைட்டப் போட்டுட்டான்."

"கேஸா? அவனுக்கு மணக்கலையா?"

"அன்னைக்கு அவனுக்குத் தடிமன் மாமா. மூக்கு அடைச்சிருந்திச்சு."

மாமா நீண்ட மூச்சு விட்டார். "தடிமன் வந்துட்டா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார். பிறகு, "அப்ப இந்த வருசம் மூணு தொடரும் சேர்ற எபிசோட்டுல அவன் இல்லையா?" என்று கேட்டார்.

வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஓர் எபிசோட் வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை வீட்டில் செபமாலை சொல்லி முடிந்ததும், "திடீர் மரணம் அடைஞ்சவங்களுக்காகவும் ஒண்ணு சொல்லுங்க" என்றார் மாமா. யார் செத்தது என்று என் கணவர் கேட்டார். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

ஹாஜியார் வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்திருந்தேன். ஆனால் மாமா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஹாஜியார் இன்னும் அந்த எடத்துக்கு வரலப் போல. நீ வாயத் தொறக்காத. அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வாரம், எங்கள் வீட்டில் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது. மாமா ஹாஜியாரோடு சண்டை போடவில்லை.

"நேத்து நம்ம ஆளு ஒரு சட்டைப் பொத்தானை மோந்தே ஆளைப் புடிச்சிட்டாரு டைவர்! உங்க பிரேக் பிள்ளைக்கு ஏலுமா?" என்பார் ஹாஜியார். பஸ் டிரைவராக இருந்த மாமா அவருக்கு இன்றும் 'டைவர்'தான்.

"ஏலாது ஹாஜியார். அவரு மாதிரி வருமா? நல்ல மனுசனா இருந்தாரு."

"இருந்தாரா?"

"இருக்காரு, இருக்காரு."

ஹாஜியார் என்ன சொன்னாலும் மாமா ஒத்துக்கொண்டார். அவர் கதை சொல்லும்போது நடுவில் புகுந்து பேசவில்லை. அவர் கிளம்பும்போது, "மனசத் தைரியமா வச்சுக்கங்க" என்றார். மூன்றாம் நாள் ஹாஜியார் குசினி வாசலுக்கு வந்தார்.

"மகள், உண்மையச் சொல்லுங்க. டொக்டர் என்ன சொன்னார்? வருத்தம் கண்ணுல மட்டும்தானா?"

"கண்ணுல மட்டும்தான் ஹாஜியார்."

"இல்ல மகள். முப்பது வருசத்துல நான் சொன்னதுக்கு ஆமான்னு சொன்னதே இல்ல இந்த மனுசன். எனக்குப் பயமா ஈக்கிது."

அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஹாஜியாருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து அவர் வட்டிலப்பமும் வாழைப்பழமும் கொண்டுவரத் தொடங்கினார். மாமாவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து முணுமுணுவென்று துஆ ஓதினார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பரிதாபப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் இருவருக்கும் நடுவில் தட்டு ஏந்திக்கொண்டு நின்றேன். வட்டிலப்பம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே இறங்கியது.

பத்தாம் நாள் ஹாஜியார் சிரித்த முகத்தோடு வந்தார்.

"டைவர், மூணு பேரும் சேர்ற எபிசோட் வந்தாச்சு. நான் இன்னும் பாக்கல. உங்களோட சேர்ந்துதான் பாக்கணும்னு வச்சிருக்கேன்."

மாமா தலையணைக்குள் முனகினார். "வேணாம் ஹாஜியார். இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

"ஏன் வேணாம்?" என்று ஹாஜியார் போனை மாமாவின் காதருகே வைத்தார். இசை வந்தது. கதவு திறக்கும் சத்தம் வந்தது. அதன் பிறகு, மிக நிதானமாக, ஒரு ஆள் மூக்கால் மூச்சு இழுக்கும் சத்தம்.

மாமாவின் முதுகு விறைத்தது. "இது யாரு?"

"நம்ம ஆளுதான். வேற யாரு இப்படி மோப்பாங்க?"

"அவன்தான் செத்துட்டானே!"

"மவுத்தா? எப்ப?"

"போன கெழம. கேஸ் வெடிச்சு!"

மாமா எழுந்துவிடப் பார்த்தார். "தலையத் தூக்காதீங்க!" என்று நானும் ஹாஜியாரும் ஒரே குரலில் கத்தி, ஆளுக்கொரு தோளைப் பிடித்து அமுக்கினோம். தலையணைக்குள் இருந்து என் பெயர் கேட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடமாக மாமா என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைத் தாள்களையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி பயம், பாதி அடக்கிவைத்த சிரிப்பு.

முதலில் பேசியது ஹாஜியார். பொய் சொன்னதற்காக அவர் கோபப்படவில்லை. கொன்ற விதம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கேஸாலயா மகள்? ரெண்டு மைலுக்கு அந்தப் பக்கம் அவிக்கிற முட்டையை மோந்து சொல்ற மனுசன், சொந்தக் குசினியில கேஸ் மணக்காமச் சாவாரா? துவக்கால சுட்டிருக்கலாம். கட்டடம் இடிஞ்சு விழுந்திருக்கலாம். இது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம்!"

"அன்னைக்கு அவருக்குத் தடிமன்…" என்றேன்.

"அவருக்குத் தடிமன் வராது!"

"ஏன் வராது?" அது மாமாவின் குரல். ஒரு வாரமாகக் கேட்காத பழைய குரல். "அவன் மனுசன்தானே? மழையில அலையறவனுக்குத் தடிமன் வராதா?"

"டைவர், அது பொய்யின்னு இப்பதானே அந்தப் பிள்ள சொல்லிச்சு!"

"பொய்யா இருக்கட்டும். நடக்கக்கூடிய பொய். ஒங்காளு மூக்க மட்டும் நம்பிப் பொழைக்கிறவன். மூக்கு அடைச்சா என்ன செய்வான்? எங்க பிள்ளைக்குக் கை ரெண்டு இருக்கு!"

ஒரு மணி நேரம் கத்தினார்கள். கூட்டு எபிசோட் போனில் அதன் பாட்டுக்கு ஓடி முடிந்தது. போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஹாஜியார், "அல்ஹம்துலில்லாஹ், ஆள் சுகமாயிட்டார்" என்றார்.

ஆனால் மாமா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. குப்புறப் படுத்திருக்கும் ஒருவர் நம்மோடு கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோற்றுத் தட்டை "அங்க வை" என்று சொன்ன விதத்தில்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் தண்டனை வந்தது. நான் விட்ட எபிசோட்டுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும், ஒரு மோப்பத்தைக்கூடத் தள்ளிவிடக் கூடாது. மேற்பார்வைக்கு ஹாஜியார்.

வாசித்தேன். அந்த வரிசையில் ஆறாவதில், மோப்பக்காரன் பழைய துணிக் கடைக்கு ஒருவனைத் தேடிப் போகிறான். அங்கே தொங்கும் ஒரு கம்பளிச் சட்டையில் இவனுடைய செத்துப்போன தாயின் வாசனை இருக்கிறது. வில்லன் பின்கதவால் ஓடுகிறான். இவன் அசையாமல் அந்தச் சட்டைக்கு முன்னால் நிற்கிறான். கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. "இப்ப என்ன செய்றான்?" என்று மாமா கேட்டார். "மோந்துக்கிட்டு இருக்கான் மாமா" என்றேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் முடிந்து கிளினிக்கில் காட்டினோம். விழித்திரை ஒட்டிவிட்டது என்றார்கள். மாமா எழுந்து உட்கார்ந்தார். ஒரு கண்ணில் எல்லாம் தண்ணீருக்குள் தெரிவது போல இருக்கிறது என்றாலும், நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிற ஹாஜியாரின் நரைமயிரை எண்ணிச் சொல்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்தபோது கடைசி இரண்டு எபிசோட் பாக்கி, அன்று யாரும் பார்க்காமல் ஓடிய கூட்டு எபிசோட்டும் அதில் ஒன்று. நான் இல்லாத பகலில் இருவரும் பார்த்து முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், என்ன நடந்தது என்று கேட்டேன். மாமா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, பிரேக் பிள்ளையும் மோப்பக்காரனும் கடைசியில் சண்டை பிடித்துக்கொண்டு பிரிந்து போனார்கள் என்றும், வில்லன் தப்பிவிட்டான் என்றும் சொன்னார். ஹாஜியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழிவாங்குகிறார்கள் என்று நினைத்து நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, தனியாக உட்கார்ந்து இரண்டையும் பார்த்தேன். மாமா ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்லியிருக்கவில்லை.