மாமாவின் இரண்டாவது கிளாஸ்

எண்பத்து நான்காம் ஆண்டு நத்தார் வரை, குருநகர் வீட்டில் மாமாவின் கிளாஸை நிரப்புவது மூத்த மருமகனான என் வேலை. பனஞ்சாராயத்தில் செத்தல் மிளகாயும் பனங்கற்கண்டும் போட்டு ஊறவைத்து, துணியில் வடித்துக் கொண்டுபோவேன். மாமா குடிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். என் பத்திரிகை வேலையைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அந்த நத்தாருக்குச் சகலன் வந்துவிட்டான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், கப்பலில் வேலை. தேவாலயத்தில் நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும் பெட்டியிலிருந்து ஒரு டெக்கீலாப் போத்தலை எடுத்து வைத்தான். மெக்சிகோக்காரர் கற்றாழை போன்ற ஒரு செடியிலிருந்து வடிக்கிற சாராயமாம். மீன் பெட்டிக்கு வாங்கிய ஐஸை உடைத்து, மூன்று தண்ணீரில் கழுவினான். கிளாஸின் விளிம்பில் தேசிக்காயைத் தேய்த்து, இடித்த உப்பில் கவிழ்த்தான்.

"உதென்ன, கிளாஸைக் கருவாடு போடுறியோ?" என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

"அண்ணை, உங்கடை மிளகாய்ச் சாராயத்தைத் தாங்கோ," என்றான் சகலன்.

கொடுத்தேன். முட்டை வைக்கும் சின்னக் கிண்ணத்தால் டெக்கீலா இரண்டு, என்னுடையது அரை, ஒரு தேசிக்காயின் புளி. ஜாம் போத்தலில் ஐஸோடு போட்டு, மூடிக் குலுக்கினான்.

மாமா ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். இருமினார். கண் கலங்கியது.

"உறைப்புக் கூழ் குடிச்ச மாதிரி மூக்காலை ஓடுதடா!" மிச்சத்தையும் முடித்துவிட்டுக் கிளாஸை அவனிடம் நீட்டினார். "இன்னொண்டு ஊத்து."

"மிளகாய் உறைப்பு அண்ணையின்ரை, மாமா."

அதைத் தன்னுடையது என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மாமா தலையை ஆட்டினார். பார்வை அவன் கையிலிருந்த போத்தலைவிட்டு அகலவில்லை.

வருடம் பிறக்குமுன் அவன் கப்பலுக்குத் திரும்பினான். மிச்ச டெக்கீலாவை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அப்படித் தந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே கிண்ணம், அதே அளவு, அதே ஜாம் போத்தல். ஐஸையும் மூன்று தண்ணீரில் கழுவினேன். ருசி பார்த்தேன். அவன் கலந்ததைவிட நன்றாகவே வந்திருந்தது.

மாமா குடித்தார். இருமினார். கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"நல்லாயிருக்கு, தம்பி."

நான் இரண்டாவது கிளாஸை நிரப்பத் தொடங்கினேன். அது நிரம்புமுன் அவர் கேட்டார்:

"அவன் இனி எப்ப வாறான்?"