இரண்டாவது காது

என் தங்கை மகளுக்குக் காது குத்தியபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் பிறந்தது கிருமித்தொற்றுக் காலம். வீட்டுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு இருந்ததால் முதலில் தள்ளிப்போனது. பிறகு யாருக்கும் விடுப்பு ஒத்துவராமல் தள்ளிப்போனது. கைக்குழந்தை என்றால் வீல் என்று ஓர் அழுகையோடு முடிந்திருக்கும். ஐந்து வயதுக்காரி கேள்வி கேட்பாள், பேரம் பேசுவாள், உதைப்பாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் அந்த உதை எனக்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இரவு வேலையை முடித்து, பிடோக் வீட்டில் குளித்து, வேட்டியைச் சுற்றிக்கொண்டு தேக்காவிலிருந்த நகைக்கடைக்கு வந்திருந்தேன். தூங்கவில்லை. கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, போட்டோவுல கொஞ்சம் சிரிச்சு வைங்க" என்றாள். சிரிப்புக்கும் ஓவர்டைம் உண்டா என்று கேட்டேன்.

எனக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு காசு வித்தை உண்டு. வேலையில் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பழகியது. ஒரு வெள்ளி நாணயம் கையில் மறைந்து வேறொன்றாக மாறும். திராட்சை, சட்டைப் பொத்தான், சில நாள் ஏலக்காய். மாறப்போகிற பொருள் முதலிலிருந்தே வலது கையில்தான் இருக்கும். நடுவிரலையும் மோதிரவிரலையும் லேசாக மடக்கினால் அது அங்கேயே தங்கிவிடும். அதே கையின் விரல் நுனியில் காசைப் பிடித்துக் காட்ட வேண்டும். பிறகு காசை இடது உள்ளங்கையில் வைப்பதுபோல் கொண்டுபோய், கட்டைவிரலால் காசைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒளிந்திருந்ததை அங்கே விட்டுவிட வேண்டும். இடது கை மூடிக்கொள்ளும். காசு வலது கையை விட்டுப் போவதே இல்லை. அந்தக் கையை இறுக்கவும் கூடாது, ஒளிக்கவும் கூடாது. சும்மா தொங்க விடவேண்டும். முக்கியமாக, என் கண் இடது கையிலேயே இருக்க வேண்டும். காசு அங்கேதான் இருக்கிறது என்று நானே நம்பிப் பார்த்தால்தான் எதிரில் இருப்பவரும் அங்கே பார்ப்பார்.

இதெல்லாம் தூங்கி எழுந்தவனுக்குச் சுலபம். தூக்கம் கெட்ட நாளில் விரல்கள் பேச்சைக் கேட்காது. அவள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் முதல் தடவை பார்ப்பதுபோல் வாயைப் பிளப்பாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாரம் முழுக்கப் பெட்டி தூக்குகிறவனைப் பார்த்து வேறு யாரும் வாயைப் பிளப்பதில்லை. அந்த முகத்துக்காகத்தான் செங்காங்கில் தங்கை வீடு வரை போய் வந்துகொண்டிருந்தேன்.

நகைக்கடையின் பின்னறையில் காது குத்தும் பத்தர் இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்தார். எல்லாரும் ஒரே குரலில், வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று சொன்னார்கள். நானும் சொன்னேன். வலது காதில் குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். கெஞ்சினார்கள், மிட்டாய் காட்டினார்கள், மிரட்டினார்கள். கை இறங்கவில்லை.

"ஒத்தக் காதோட கூட்டிட்டுப் போனா நல்லா இருக்காது லா" என்றார் மாப்பிள்ளையின் அக்கா.

தங்கை என் பக்கம் குனிந்து, "அண்ணே, அந்தக் காசு வித்தையக் காட்டுங்க. அவ பார்த்துட்டு இருக்கறப்பவே அவர் குத்திடட்டும்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் தட்டிலிருந்த இன்னொரு தோட்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து விரலடியில் வைத்துக்கொண்டேன். மடியில் அவள் இருக்க, அவள் முன்னாலேயே காசைக் காட்டினேன். இடது கையை மூடினேன், ஊதினேன், திறந்தேன். சிவப்புக் கல் வைத்த தோடு. அவள் அழுகை நின்றது, வாயும் பிளந்தது. காதைப் பொத்திய கை தளர்ந்தது. தோட்டை வாங்கிக் குத்தத் தயாராகப் பத்தர் என் பக்கம் சாய்ந்தார்.

"மாமா, இதைத் திரும்பக் காசா மாத்துங்க" என்றாள் அவள்.

தோடு காசாகிவிட்டால் குத்துவதற்கு ஒன்றும் இருக்காது. அவள் கணக்கு அதுதான். என்னால் முடியும் என்று நம்புகிறாள். மாட்டேன் என்றால் நானும் அவர்கள் கூட்டத்தில் ஒருவன். இப்படியே என் கையைப் பார்க்க வைத்துக் குத்த விட்டாலோ, இனி என் கையைப் பார்க்கவே பயப்படுவாள். இதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. பத்தரைக் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, வலது கையையும் திறந்து காட்டினேன்.

அவள் காசைப் பார்த்தாள், தோட்டைப் பார்த்தாள்.

"இது இங்கயேவா இருந்துச்சு?"

"ஆமா. மாமா ஒளிச்சு வச்சிருந்தேன். மாத்தல்லாம் தெரியாது."

"வலிக்காதுன்னு சொன்னீங்க."

"அதுவும் பொய்தான். வலிக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை."

அவள் என் கையிலிருந்த காசை எடுத்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு, காதைப் பொத்திய கையை எடுத்துவிட்டாள். பத்தர் தோட்டை வாங்கி மருந்தில் துடைத்துக் குத்தினார். அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. சத்தம் வரவில்லை. கெட்டிக்காரி என்று ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். என்னையும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இப்படி ஒரு மாமன் யாருக்கு வாய்ப்பான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

தங்கை வீட்டில் விருந்து. ரயிலில் மருமகள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பூன் கெங் நிலையம் தாண்டியதும் சத்தமே இல்லாமல் அழ ஆரம்பித்தாள். தங்கை பதறிப்போய், "காது வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் என்னடா?" என்றேன்.

முஷ்டியைத் திறந்து வியர்த்திருந்த காசைக் காட்டினாள்.

"இத்தனை நாளும் இது எங்கயுமே போகலயா மாமா?"

காசு எங்கே போகிறது என்று அவள் இதுவரை என்னிடம் கேட்டதே இல்லை. அவளாகவே ஓர் இடம் நினைத்து வைத்திருந்திருக்கிறாள். அது எந்த இடம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். "மாமா கையிலதான் இருந்துச்சு."