இறுகிப்போன ரிகர்

ஊரில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிதர், கனடாவுக்கு வந்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, காசு கொடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினால் அவரைப் பற்றி என்ன சொல்வது? சொந்தக்காரர்கள் நிறையவே சொன்னார்கள். என் அண்ணை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போவார், கடதாசியில் அச்சடித்த வட்டத்தைச் சுடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். "றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூப்பிட்டால் இடுப்பு நோ. உந்த இழவுக்கு எண்டால் விடியவே வெளிக்கிட்டு நிக்கிறார்" என்று அண்ணி என்னிடம் முறையிடுவார்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் ஒருமுறை கேட்டேன். "சுடேக்கை தலைக்குள்ள இருக்கிற சத்தம் நிண்டுபோகுதடா" என்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்ற நாளெல்லாம் பிக்கரிங் வீட்டில் ரிவிக்கு முன்னால் இருக்கிற ஆளுக்கு அந்த ஒரு காலைதான் உயிர். அதற்குப் பிறகு நான் நக்கலடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அது பழைய பிஸ்டல். செய்த கம்பனி அந்த வகையைக் கைவிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, உதிரிப்பாகம் கிடையாது. புதிதாக ஒன்றை வாங்கலாம் என்றால், சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கியை வாங்கவோ விற்கவோ முடியாதபடி இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருக்கிறதை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே போன மாரிக் குளிரில் அண்ணை போன் எடுத்து, "ரிகர் இறுகிப்போச்சு, இழுபடுதில்லை, ஒருக்கா வந்து பார்" என்றபோது, விரலால் இழுக்கிற அந்த விசையை எப்பாடுபட்டாவது திருத்தத்தான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நான் இரும்போடு மாரடிக்கிறவன். ஸ்காபரோவில் ஒரு பட்டறையில் மெஷின்களுக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பது தொழில். அண்ணையின் கரைச்சல் தாங்காமல் துப்பாக்கி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன். பிஸ்டல் அவருடைய வீட்டையும் ரேஞ்சையும் விட்டு வேறெங்கும் போகக்கூடாது என்பதால், நான்தான் மல்வேர்னில் இருக்கிற என் வீட்டிலிருந்து ஆயுதப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆயுதம் என்றால் எங்கள் ஊரில் ஸ்பானரும் குறடும்தான்.

நிலவறையில் கிடந்த பழைய சாப்பாட்டு மேசையில் தமிழ் விளம்பரப் பத்திரிகையை விரித்து, குண்டு இல்லை என்பதை இருவரும் பார்த்து உறுதிசெய்து, அதைக் கழற்றினேன். உள்ளே பழைய கிறீஸ் சீனிப்பாணி மாதிரிக் காய்ந்துபோய்க் கிடந்தது. கள்ளன் அகப்பட்டான் என்று சந்தோசப்பட்டேன். கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, பூட்டி, அண்ணையின் கையில் கொடுத்தேன். அவர் நிலவறைச் சுவரைப் பார்த்துப் பிடித்து இழுத்தார். முகம் சுளித்தது. "கொஞ்சம் பரவாயில்லை" என்றார்.

நான் ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. பட்டறையில் வேலை தெரிந்த எவனும் இப்படிச் செய்யமாட்டான். திருத்தியவன்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்தவர், இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், என் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்றவர் இறுகியிருக்கிறது என்று சொல்கிறார். அவர் சொன்ன பிறகு வாங்கி இழுத்துப் பார்ப்பது, உங்கள் சொல்லில் எனக்கு நம்பிக்கையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. எங்கள் வீட்டில் அப்படியொரு பழக்கம் இல்லை. இது தொழிலாளி விடுகிற பிழையில்லை, தம்பி விடுகிற பிழை.

அடுத்த கிழமையும் போன் வந்தது. ஸ்பிரிங்தான் பிழை என்று முடிவுகட்டி, பட்டறையில் கம்பி சுற்றி, பழையதை விட மெல்லிசாக ஒன்று செய்துகொண்டு போனேன். அதுவும் காணாது என்றார். இன்னும் மெல்லிசாக ஒன்று. "இன்னும் ஒரு சொட்டு இளக்கிவிடு" என்றார். எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. அண்ணையில் கோபிக்க முடியுமா? பிஸ்டலைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், சட்டம் போட்டவனின் பரம்பரையைத் திட்டினேன். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அண்ணை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருக்கு என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் ரேஞ்சுக்குப் போனேன். அண்ணையின் குண்டுகள் ஒன்றும் வட்டத்தின் பக்கமே போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூச்சுப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பாக நிற்கும் வெள்ளைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பிஸ்டலை வெறுமையாக்கி வாங்கி, இலக்கைப் பார்த்துப் பிடித்து ஒருமுறை இழுத்தார். அவருடைய புருவம் உயர்ந்தது. ரிகர் அளவுக்கு மிஞ்சி இளகியிருக்கிறது, தொட்டாலே வெடிக்கும், இதை இனி இங்கே சுடக்கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"இளகல் எண்டுறான். விசரன். கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார் அண்ணை என்னிடம்.

அப்போதுதான் நான் அதை முதன்முதலாக வாங்கி இழுத்தேன். சும்மா வைத்த விரலுக்கே அது சளக்கென்று போனது. நான் பிஸ்டலை வைத்துவிட்டு அண்ணையின் வலக்கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை வற்றி, அந்த இடம் குழி விழுந்திருந்தது. தோலுக்குக் கீழே ஏதோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை கிழமையாக ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து நான் இரும்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அண்ணை, கையைக் காட்டுங்கோ."

"கையில ஒண்டுமில்லை. நீ ரிகரைப் பார்" என்று கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீடுகளிலும் நடக்கிறதுதான். குடும்ப டொக்டர் நரம்பு டொக்டருக்கு அனுப்பினார். அவர் ஊசி ஏற்றி, கரண்ட் பாய்ச்சிப் பார்த்தார். முடிவு சொல்கிற நாளில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி வரமாட்டேன் என்று சாமியறைக்குள் இருந்துவிட்டார். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, முதலில் கை, பிறகு கால், பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு என்று நரம்பு டொக்டரான அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இன்னும் வேளைக்கு வந்திருந்தால் என்று நான் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

கார் நிற்பாட்டிய இடத்துக்கு நடந்து வந்தோம். நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏறியிருந்து சீற் பெல்ற்றை இழுத்தார், கொழுவ முடியவில்லை. நான் குனிந்து கொழுவிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. டொக்டருக்கு முன்னால் வராத அழுகை.

"எனக்குத் தெரியாமல் போச்சு அண்ணை. நான் இரும்பையே நோண்டிக்கொண்டிருந்திட்டன்" என்றேன்.

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலாமல் போன அண்டைக்கே தெரியும், கைதான் எண்டு."

"பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"நீ திருத்திற ஆள்தானே. எப்பிடியும் திருத்திப்போடுவாய் எண்டு நினைச்சனடா."