மெழுகு அந்து

ஆயத்த ஆடைக் கூடத்தில் பொத்தான் துளை போடுவது அவள் தொழில். எனினும் தெரு முழுவதும் அவளைத் தேனக்கா என்றே அழைத்தது. தகப்பன் மறைந்தபோது வீடு அண்ணனுக்குப் போயிற்று. மொட்டைமாடித் தேன்பெட்டி ஒன்றே அவள் பங்கு. வாடகை அறையிலிருந்து ஞாயிறுதோறும் பிறந்த வீட்டுப் படியேற அவளுக்கிருந்த ஒரே உரிமை, பெட்டிக்குள் உயிரோடிருந்த அந்தக் கூட்டமே.

மெழுகு அந்து என்னும் சாம்பல்நிறப் பூச்சியை அவள் நன்கறிவாள். சிறகு முளைத்தபின் அது எதையும் உண்பதில்லை. புழுவாயிருந்தபோது தின்றதைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, இருள் கவியும் நேரம் பெட்டி விரிசலில் முட்டையிட்டு மடியும். வெள்ளை மெழுகு அதன் குஞ்சுப் புழுவுக்குப் போதாது. தலைமுறை தலைமுறையாகத் தேனீக்கள் பிறந்து கருத்த பழைய தேனடையே அதற்கு விருந்து. தேனீக்கள் மொய்த்திருக்கும் அடையில் அதன் ஆட்டம் செல்லாது; அவை புழுவை இழுத்து வெளியே எறிந்துவிடும். ஆகவே கூட்டம் பெருகுமுன் பெட்டியைப் பெரிதாக்கலாகாது.

அவ்வாண்டு மழை ஓய்ந்தபோது கூட்டம் மெலிந்திருந்தது. அண்ணனோ சம்பந்தி வீட்டாருக்கு வீட்டுத் தேன் தருவதாக வாக்களித்துவிட்டான். பரணிலிருந்த பழைய அடைகளோடு தேன் சேர்வதற்கான மேலறை அடுக்கைப் பெட்டிமேல் ஏற்றச் சொன்னான்.

"கூட்டம் பத்தாதுண்ணா. காவலுக்கு ஆளில்லாம வீட்டப் பெருசாக்கக் கூடாது."

"வீட்டப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? ஏறி வந்தது யார் படின்னு ஞாபகம் இருக்கட்டும்."

அவள் மேலறையைப் பொருத்தினாள்.

ஆடைக் கூடத்தில் அவசர வேலை. ஐந்து ஞாயிறு விடுப்பில்லை. ஆறாவதில் மூடியைத் திறந்தபோது அடைக்கு அடை புழுவின் வெண்ணூல் பின்னியிருந்தது. சட்டத்து மரத்தைப் படகுபோல் குடைந்து புழுக்கூடுகள் வரிசையாய் ஒட்டியிருந்தன. புழு மிகுந்ததால் தேனீக்கள் இடம்விட்டுப் பறந்துபோயிருந்தன.

தங்கை கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று சம்பந்தியிடம் அண்ணன் வருந்திச் சொன்னான், கடைத்தேன் கொடுத்தனுப்பினான். பாழாய்ப்போன பூச்சி என்று அண்ணி அவளைத் தேற்ற முயன்றாள்.

"பூச்சியத் திட்டாதீங்க அண்ணி. அது பொழப்ப அது பாத்துச்சு. தெரிஞ்சே எடங்குடுத்தவ நான்."

மறுவாரம் அடைகளைக் கொளுத்த வந்தாள். மாடிக்கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி கேட்டதற்கு, எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டாயிற்று, இனி மேலே அவளுக்கு என்ன வேலை என்று அண்ணன் கேட்டான். சினமின்றித்தான் கேட்டான். ஒரு வேலையும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.